அனுபவமும் அனுபவ பாத்தியதையும்

எம்.ஏ. தமிழ் வகுப்பில் நிலத்தை முதற்பொருள் என்று படித்தோம். அது யாருடைய நிலம் என்று எந்தத் தேர்விலும் கேட்கவில்லை. 'அனுபவம்' என்ற சொல்லையும் நம் இலக்கிய விமர்சனம் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமலாக்கிவிட்டது. பத்திர எழுத்தரிடம்தான் அது இன்னும் உயிரோடிருக்கிறது: 'ஆண்டு அனுபவித்து வருகிற' நிலம்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் ஆச்சி பாடுபட்ட மூணு குறுக்கம் அப்படிப்பட்டதுதான். எல்லைக்கு ஓடையும் கள்ளிவேலியும் சாட்சி. 'காயிதமாலே வெள்ளாமை வைக்கும்?' என்பாள். கடைசியில் பட்டாவில் ஏறியது மாமா பேர்.

இதை வைத்து வழக்கம் நல்லது, பட்டா கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில், தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவர்கள் காட்டை எரித்துத் திருத்தி ஊராக்குகிறார்கள். திருத்தியவனுக்கே நிலம் என்கிற நியாயத்தை நாமும் ரசித்து வாசித்தோம். அதே கரிசலைத் தலைமுறைகளாகக் கூலிக்குத் திருத்தியவனுக்கு இந்த நியாயம் ஏன் செல்லுபடியாகவில்லை? வழக்கத்துக்கும் சாதி உண்டு.

1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா தந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அதே சட்டத்தில் ஊர்ப் பொதுநிலங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின. எல்லாரும் ஆடு மேய்த்து விறகு பொறுக்கிய இடம் கணக்கில் புறம்போக்கு. வழக்கமாகப் புழங்கியவனை 'ஆக்கிரமிப்பாளன்' என்றழைக்க ஒரு பதிவேடு போதும்.

பட்டா இருந்துவிட்டால் மட்டும் நிலம் தங்கிவிடுமா? 1892 ஆணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு விற்கக்கூடாதென்று நிபந்தனை இருந்தது. அப்படியும் ஏராளமான நிலம் கைமாறிப்போனது. எழுத்து இருந்தது, எழுத்தைக் காப்பாற்றும் பலம் இல்லை.

பெருவின் பொருளாதாரவாதி ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000இல் வெளியிட்ட நூலில், பத்திரமில்லாத ஏழையின் சொத்தைச் செத்த மூலதனம் என்றார். பட்டா வந்தால் அதற்கு உயிர் வருமாம். அடமானம் வைக்க முடிகிற நிலம் ஏலத்துக்கும் போகும் என்பது நம் சம்சாரிக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, பட்டா கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து யார் பேரில் என்றும் கேட்போம். பொம்பளை பேர், குத்தகைக்காரன் பேர், ஊர் மாடு மேய்ந்த பொதுநிலம் இவை விடுபட்ட காகிதம் அனுபவத்தின் பதிவல்ல; அதன் மேல் பூசிய மை.

அளந்து கல் நட்ட அன்றைக்கு ஆச்சி கேட்டது ஒன்றுதான்: 'எம் பேரு எங்கலே?' நான் இலக்கணம் படித்தவன், பதில் தெரியவில்லை.