பார்ப்பவன் கண்ணில் பெண்: அமெரிக்கத் துப்பறியும் புனைவின் பாலின வார்ப்புகள்

1920களில் அமெரிக்காவில் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான ‘பல்ப்’ இதழ்களில், குறிப்பாக ‘பிளாக் மாஸ்க்’ இதழில், ‘ஹார்ட்பாயில்ட்’ எனப்படும் துப்பறியும் புனைவு உருக்கொண்டது. மாளிகைக் கொலையை அறிவுக்கூர்மையால் விடுவிக்கும் இங்கிலாந்து மரபை விட்டு விலகி, ஊழல் மலிந்த நகரத்தில் கூலிக்கு உழைத்து அடிவாங்கும் தனியார் துப்பறிவாளனை நடுவில் நிறுத்திய இவ்வகைமை, பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டே இடங்களை ஒதுக்கியது. ஒன்று, அழகால் மயக்கி ஆணை அழிவுக்கு இழுத்துச் செல்லும் ‘ஃபாம் ஃபட்டால்’. மற்றொன்று, அலுவலகத்தில் காத்திருக்கும் விசுவாசமான செயலாளர். டாஷியல் ஹேமட்டின் ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ நாவலில் மணம் கமழும் கைக்குட்டையோடு வரும் ஜோயல் கெய்ரோ போன்ற, பெண்மை ஏற்றப்பட்ட ஆண்களும் நாயகனின் ஆண்மையை எடுத்துக்காட்டவே பயன்பட்டனர்.

இந்த வார்ப்புகளின் வலு கதைசொல்லும் முறையில்தான் இருக்கிறது. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) நாவலை பிலிப் மார்லோவே தன்மையில் சொல்வதால், அவன் பார்க்காத எதையும் வாசகர் பார்ப்பதில்லை. அழைக்காமலேயே அவன் வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் கிடக்கும் கார்மென் ஸ்டெர்ன்வுட்டை அவன் வெளியேற்றுகிறான். அவள் போனபின் படுக்கையை வெறியோடு கிழித்தெறிகிறான். ஒழுக்கத்தின் வெற்றியாகத் தொடங்கும் காட்சி அருவருப்பில் முடிகிறது. அந்த அருவருப்புக்குக் காரணம் அவளா அவனா என்று கேட்க, கதைக்குள் வேறு குரல் இல்லை. மிக்கி ஸ்பில்லேனின் ‘ஐ, தி ஜூரி’யில் (1947) இந்தத் தயக்கத்தின் சாயலும் மறைந்து, தான் காதலித்த மனநல மருத்துவரை நாயகன் சுட்டுக் கொல்வதே நீதியாகிவிடுகிறது.

முன்னோடியான டாஷியல் ஹேமட் இவ்விருவரையும்விட நுட்பமானவர். ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ (1930) நாவலில், பொய்களால் ஆளும் பிரிஜிட் ஓ’ஷானெஸியைச் சாம் ஸ்பேட் காவலரிடம் ஒப்படைப்பது அனைவரும் அறிந்த முடிவு. செயலாளர் எஃபி பெரைனை மனதாரப் பாராட்ட நினைக்கும்போது ஸ்பேட் அவளை ஆண் என்றே மெச்சுகிறான் என்பதும், மறுநாள் காலையில் அவன் செய்தது சரிதான் என்று ஒப்புக்கொள்ளும் அதே எஃபி அவன் கை தன்மீது படுவதைப் பொறுக்காமல் விலகுகிறாள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படர்க்கையில் எழுதப்பட்ட இந்நாவலில் ஸ்பேடின் மனம் வாசகருக்குத் திறப்பதேயில்லை. ஆகவே எஃபியின் விலகல் நாயகனின் விளக்கத்துக்குள் கரையாமல் தனித்து நிற்கிறது. ஜான் ஹூஸ்டனின் 1941ஆம் ஆண்டுத் திரைப்படம் இக்காட்சியை விட்டுவிட்டு, மின்தூக்கியில் இறங்கும் பிரிஜிட்டோடு முடித்துக்கொண்டதால், பொது நினைவில் விசுவாசமான செயலாளர் மட்டுமே எஞ்சினாள்.

இம்மரபின் அடித்தளத்தையே சோதித்தவர் டோரதி பி. ஹியூஸ். அவருடைய ‘இன் எ லோன்லி பிளேஸ்’ (1947) படர்க்கையில் அமைந்தாலும், போரிலிருந்து திரும்பிய விமானி டிக்ஸ் ஸ்டீலின் மனத்தைவிட்டு நகர்வதில்லை; லாஸ் ஏஞ்சலிஸ் இரவுகளில் பெண்களின் கழுத்தை நெரிப்பவனும் அவனே. துப்பறியும் நாவல் எழுதுவதாக அவன் ஊரை நம்பவைப்பது ஹியூஸின் குறும்பான குத்தல். காவல்துறையில் இருக்கும் நண்பன் ஏமாந்திருக்க, அந்த நண்பனின் மனைவி சில்வியாவும், ஸ்டீல் வேட்டைக்காரியாகக் கருதும் லாரெலும் அவனை இனங்கண்டுகொள்கிறார்கள். ஸ்பேடாகவும் மார்லோவாகவும் நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் 1950ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஸ்டீலாக வந்தபோது, திரைக்கதை அவனைக் கொலைப்பழியிலிருந்து விடுவித்துவிட்டது.

1982இல் ‘ஏ இஸ் ஃபார் அலிபி’யில் சூ கிராஃப்டனும் ‘இன்டெம்னிட்டி ஒன்லி’யில் சாரா பாரெட்ஸ்கியும் பெண் துப்பறிவாளரைத் தன்மையில் பேசவைத்தனர், மார்சியா முல்லர் 1977லேயே அதைத் தொடங்கியிருந்தார். பாரெட்ஸ்கியின் வி. ஐ. வார்ஷாவ்ஸ்கி மார்லோவைப் போலவே அடிபடுகிறாள், கிண்டல் பேசுகிறாள். ஆனால் அவனுக்கு வாய்க்காத லாட்டி ஹெர்ஷல் என்ற மருத்துவத் தோழி அவளுக்கு உண்டு, காயத்துக்கு மருந்திடுவதோடு அவள் முடிவுகளை முகத்துக்கு நேராக மறுத்தும் பேசுகிறாள்.