சராசரிக் காற்று

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் அந்த இந்திய வரைபடம் வந்துவிடும். டெல்லி கருஞ்சிவப்பு, சென்னை பச்சை. கீழே யாராவது "சிங்காரச் சென்னைடா" என்று போடுவார்கள். போன தடவை அதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பினேன். திருவொற்றியூரிலிருந்து குரல்பதிவு வந்தது: "ஏன்டா, இது யாரு வூட்டுக் காத்து? காத்தாலேர்ந்து ஜன்னலத் தொறக்க முடியல, உனக்கு பச்சையா இருக்கா?"

டேஷ்போர்டு வரைவது என் வேலையின் ஒரு பகுதி. படம் பொய் என்று சொல்லிவிட்டால் அம்மா சமாதானமாகிவிடுவார். ஆனால் அதில் பொய் இல்லையே. வரைபடங்கள் ஏமாற்றுவதைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் ஒய் அச்சைப் பாதியில் வெட்டும் தந்திரத்தைத்தான் சொல்வோம். 1954லேயே டேரல் ஹஃப் புத்தகம் போட்டுவிட்ட சங்கதி. கண்டுபிடிப்பது சுலபம், நாம் புத்திசாலி என்ற திருப்தியும் இலவசம். காற்றுத் தரக் குறியீட்டுப் படத்தில் வெட்டுவதற்கு அச்சே கிடையாது. 'ஒரு எண், ஒரு நிறம், ஒரு விளக்கம்' என்பதுதான் 2014இல் அதை அறிமுகப்படுத்தியபோது சொன்ன முழக்கம்.

நிறத்தைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். ஒரு கனமீட்டர் காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீடு 100. 'திருப்திகரம்', இளம்பச்சை. அதே 60ஐ அமெரிக்கக் குறியீட்டில் போட்டால் 150ஐத் தாண்டிச் சிவப்பாகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஒருநாள் அளவோ வெறும் 15.

அம்மாவின் கேள்வி இதைவிட ஆழமானது. சென்னைக்கான எண் என்பது மணலி, ராயபுரம், வேளச்சேரி, பெருங்குடி என்று பல நிலையங்களின் சராசரி. அதனால் அது யார் வீட்டுக் காற்றும் இல்லை. அதோடு ஒவ்வொரு நிலையத்தின் எண்ணும் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருகிறது. இடத்தையும் கலக்கி, நேரத்தையும் கலக்கியாகிவிட்டது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. ஆலை வாசலருகே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது 2,090 மைக்ரோகிராம்.

இந்த 2,090ஐ வைத்து என்னால் மூன்று படம் போட முடியும். பக்கத்தில் 400ஐ வைத்தால் 'வரம்பைவிட ஐந்து மடங்கு' என்று சிவப்பில் ஒரு தூண் நிற்கும். செய்திகளில் வந்த ஒப்பீடு இதுதான். ஆனால் 400 என்பது ஒருநாள் சராசரிக்கான வரம்பு. 2,090 அந்நேரத்து அளவு. இரண்டாவது படத்தில், அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் ஒரு வேலைநாள் சராசரியாகத் தொழிலாளர்களுக்குப் பரிந்துரைக்கும் 18,000ஐப் பக்கத்தில் வைக்கிறேன். தூண் குட்டையாகிவிட்டது, 'இதுக்கா இவ்ளோ சத்தம்?' என்று கேட்கலாம். மூன்றாவது நம் குறியீட்டின் வழி. 2,090 ஒரு மணி நேரம் நீடித்தது, மீதி 23 மணி நேரமும் 50தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 135. அமோனியாவுக்கு 200 வரை 'நல்லது'. கரும்பச்சை.

மூன்றிலும் கூட்டல் கழித்தல் சரி. எனக்குப் பிடித்த பக்கம் எது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் முதல் படத்தை நான் பகிர மாட்டேன். இரண்டாவதன்மீதுதான் கோபம் அதிகம். அந்த 18,000 வேலைக்குப் போய்வரும் பெரியவர்களை மனதில் வைத்துச் சொன்னது. குப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். தவிர, வாசலில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த எண், தெருவில் மூச்சு முட்டியவர்களுடைய எண் ஆகாது.

எங்கள் தொழிலில் சராசரியை யாரும் நம்புவதில்லை. பி99 என்போம்: நூறு பயனர்களில் மிக மோசமாக அவதிப்பட்ட அந்த ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆனது? சர்வர் ஒரு நிமிடம் படுத்தால் நடுராத்திரியில் எனக்கு போன் வரும். "நாள் சராசரி நல்லாத்தானே இருக்கு" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு நான் திரும்பத் தூங்க முடியுமா?

குறியீட்டைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. நாள்கணக்கில் ஊரையே மூடும் டெல்லிப் புகைக்கு 24 மணி நேரச் சராசரி பொருந்தும். எண்ணூர், மணலிப் பக்கம் வருவது வேறு மாதிரி: திடீரென்று வரும், காற்று திரும்பினால் போய்விடும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் மணிவாரி அளவுகள் கிடைக்கும். மணலிக்கும் ராயபுரத்துக்கும் ஒரு வாரத்தை இறக்கி, கோடாக வரைந்து அம்மாவுக்கு அனுப்பினேன். நிறமே போடவில்லை. ஐந்து நிமிடத்தில் அடுத்த குரல்பதிவு.

"இதெல்லாம் முடிஞ்சு போனதுடா. இப்ப தொறக்கலாமா வேணாமா, அத சொல்லு."