மில்டனின் ஏவாளும் நம் மேடைகளின் ஹவ்வாவும்

மனித குலத்தின் வீழ்ச்சிக்குக் கிறித்தவம் பெண்ணைப் பொறுப்பாக்கியது. இஸ்லாம் அப்பழியைத் துடைத்தது. மீலாது மேடைகளிலும் சமய உரையாடல் அரங்குகளிலும் நாம் சலிப்பின்றி எடுத்துரைக்கும் வாதம் இது. இதில் உண்மை உண்டு. ஆனால் எதிர்த்தரப்பின் நூல்களைப் பயின்று பெற்ற உண்மையாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. தஃப்ஸீர் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இவ்வாதத்தை உரசிப் பார்க்க ஓர் உரைகல்லை நாடினேன். ஆங்கிலக் கவி ஜான் மில்டனின் ‘இழந்த சுவர்க்கம்’ (பாரடைஸ் லாஸ்ட்) கைக்கு வந்தது. 1667இல் பத்துக் காண்டங்களாகவும், 1674இல் பன்னிரண்டு காண்டங்களாகவும் வெளிவந்த இக்காப்பியத்தைப் பார்வை இழந்த நிலையில் பிறரை எழுதச் செய்து இயற்றினார் அவர்.

காப்பியப் பாத்திரங்களை ஆதாம், ஏவாள் என்றும், திருமறை கூறும் நம் ஆதிப் பெற்றோரை ஆதம், ஹவ்வா (அலை) என்றும் இங்குக் குறிப்பிடுகிறேன். இவ்விரு இணைகளையும் கலந்துவிடாதிருப்பது வாதத்திற்கே அவசியமானது.

காப்பியத்தின் மூலம் ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரம். அங்கே செய்தி மிகச் சுருக்கம். பாம்பு பெண்ணிடம் பேசுகிறது, அவள் உண்கிறாள், கணவனுக்கும் கொடுக்கிறாள், அவனும் உண்கிறான். பாம்பு பேசியபோது கணவன் எங்கிருந்தான்? எபிரேய மூலத்தில், அரபியின் ‘மஅஹா’வுக்கு நிகராக, ‘அவளுடன்’ எனப் பொருள்படும் ஒரு சொல் உள்ளது. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் அது விடுபட்டது. நம்மூர்ப் புராட்டஸ்டண்டு சபையினர் நெடுங்காலமாக வாசித்துவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அதனைக் காணோம். ஒரு சொல் நீங்கியதும் காட்சியே மாறிவிடுகிறது. உடனிருந்தும் வாய் திறவாத கணவன் மறைகிறான். தனித்து ஏமாந்து, பின்னர்த் துணைவனையும் வீழ்த்திய மனைவி தோன்றுகிறாள்.

பவுலின் பெயரிலுள்ள நிருபங்களிலும் இரு குரல்கள் கேட்கின்றன. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் பாவம் உலகில் நுழைந்ததற்கு ஆதாமையே காரணமாக்குகிறது. ஏவாளின் பெயரே அங்கில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமோ, வஞ்சிக்கப்பட்டது ஆதாம் அல்லன், பெண்ணே என்று கூறி, அவள் போதிக்கலாகாது என்ற விதியை அதனோடு பிணைக்கிறது. இந்நிருபம் பவுல் எழுதியதன்று என்பர் இன்றைய விவிலிய ஆய்வாளர் பலர். ஆயினும் குடும்ப ஒழுங்கைப் பற்றிய போதனைகளில் ஓங்கி ஒலித்தது இந்தக் குரலே.

மில்டன் எபிரேயம் அறிந்தவர். எனினும் மூலத்தில் உடனிருக்கும் கணவனை அவர் விலக்கி வைக்கிறார். ஒன்பதாம் காண்டத்தில், தோட்டப் பணியைப் பிரித்துக்கொண்டு தனித்தனியே செய்வோம் என்கிறாள் ஏவாள். ஆதாம் தயங்குகிறான், எச்சரிக்கிறான், இறுதியில் இசைகிறான். அவன் கையிலிருந்து அவள் தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு செல்கிறாள். கனியை உண்டபின், இவ்வறிவைத் தனக்கே வைத்துக்கொண்டு கணவனுக்கு நிகராகலாமா என்று ஒரு கணம் எண்ணுகிறாள். தான் இறந்து, அவன் வேறொரு துணையுடன் வாழ்வானோ என்ற அச்சம் எழுந்த பிறகே பகிர்ந்துகொள்ளத் துணிகிறாள். ஆதாம் ஏமாறுவதில்லை, தெரிந்தே, அவளைப் பிரிய மாட்டாமல் உண்கிறான். இவை எதுவும் ஆதியாகமத்தில் இல்லை. கவிஞர் தம் கற்பனையால் மௌனத்தை நிரப்பினார்; அவர் நிரப்பியவாறே ஆங்கிலம் பயின்ற தலைமுறைகள் மூலத்தையும் வாசிக்கத் தொடங்கின.

ஏவாளை மில்டன் வெறுத்தார் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். சாண்ட்ரா கில்பர்ட், சூசன் கூபர் இருவரும் 1979இல் எழுதிய நூலில் அவரைக் கடுமையாகச் சாடினர். டையான் மெக்காலி 1983இல் ஏவாள் பாத்திரத்தின் கண்ணியத்தை எடுத்துக்காட்டி மறுமொழி தந்தார். என் வாசிப்பு பத்தாம் காண்டத்தில் நின்றுவிடுகிறது. அங்கே ஆதாம் பெண்ணினத்தையே சபிக்கிறான். ஏவாளோ அவன் காலடியில் வீழ்ந்து, தண்டனை முழுவதும் தன் தலைமேல் வரட்டும் என்கிறாள். அவன் மனம் இளகுகிறது. பின்னரே இருவரும் இறைவன்முன் பணிகின்றனர். காப்பியத்தின் மிக உயர்ந்த இடம் இதுவே என்பேன். ஆனால் இங்கேயும் பெண் முதலில் கணவனிடம் மன்னிப்பு வேண்டுகிறாள். இறைவனிடம் வேண்டுவது அதன் பின்னர். நான்காம் காண்டத்திலேயே, வீழ்ச்சிக்கு முன்னரே, பெண் இறைவனைச் சேர்வது கணவனூடாகவே என்று கவிஞர் வகுத்துவிட்டார். அதன் விளைவே இது.

இத்தனைக்கும் மண வாழ்வின் வேதனையை அறிந்தவர் அவர். 1642இல் தம் முப்பத்து மூன்றாம் வயதில் பதினேழு வயது மேரி பவலை மணந்தார். சில வாரங்களில் தாய்வீடு சென்ற அப்பெண் 1645இல்தான் திரும்பினார். இடையே, 1643இல், மணமுறிவை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். தனிமையைப் போக்கும் மனத் துணையே திருமணத்தின் முதல் நோக்கம், அது இல்லாதபோது பிரிந்து மறுமணம் புரிய அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். தலாக்கையும் குல்உவையும் ஃபிக்ஹு நூல்களில் பயின்ற நமக்கு இது விந்தையன்று. அன்றைய இங்கிலாந்தில் பெரும் கண்டனத்திற்குள்ளாயிற்று. ஆயினும் அந்நூலில் தனிமையால் வாடுபவர் பெரும்பாலும் கணவரே.

வீழ்ச்சிக்கு முன்னரே கணவனின் தலைமை இருந்ததா, வீழ்ச்சியின் விளைவாக வந்ததா என்னும் வினா இன்றும் கிறித்தவரிடையே தீரவில்லை. கணவன் உன்னை ஆள்வான் என்ற பொருளில் ஏவாளுக்குச் சொல்லப்பட்டது கட்டளையா, நேரப்போகும் துயரத்தின் அறிவிப்பா? அமெரிக்காவில் 1987இல் உருவான டான்வர்ஸ் அறிக்கை, தலைமை படைப்பிலேயே விதிக்கப்பட்டது என்றது. சமத்துவ அணியினர், ஆதிக்கம் பாவத்தின் விளைவு, அது நீங்க வேண்டியது என்றனர். ஆக, ‘கிறித்தவம் கூறுகிறது’ என்று ஒருமையில் பேசும் நம் மேடைப் பேச்சாளர், அவர்களுக்குள் நடக்கும் இவ்விவாதத்தை அறியாமலே தீர்ப்பு வழங்குகிறார்.

இனித் திருமறைக்கு வருவோம். தமிழில் இல்லாத இருமை எண் (முஸன்னா) அரபியில் உண்டு. 2:36இல் சறுக்கச் செய்யப்பட்டோர் இருவர். 7:20இல் ஊசாட்டத்திற்கு ஆளானோர் இருவர். 7:23இல் தமக்குத் தாமே அநீதி இழைத்ததாக ஒரே வாக்கியத்தில் முறையிடுவோரும் இருவரே. இருமை ஒருமையாகும் இடங்கள் ‘தாஹா’ அத்தியாயத்தில் உள்ளன. அங்கு ஷைத்தான் பேசியது ஆதமிடம். மாறு செய்ததாகப் பெயர் சொல்லப்படுவதும் ஆதமே. 20:117இல் இருவரின் வெளியேற்றம் பற்றிய எச்சரிக்கை, துன்பத்தைச் சொல்லும்போது ஒருமைக்குத் திரும்புகிறது. இமாம் குர்துபீ இதிலிருந்து ஒரு சட்ட நுட்பத்தை எடுக்கிறார்: உழைத்துத் தேடும் துன்பம் கணவனுடையது, எனவே மனைவியின் ஜீவனாம்சம் அவன்மீது கடமை. வீழ்ச்சியின் வரலாற்றிலிருந்து கணவனின் ஆட்சியை அன்று, அவனுடைய சுமையையே அவர் கண்டார். 4:34 ஆடவரின் பொறுப்பைப் பற்றிப் பேசும்போதும் ஹவ்வாவின் தவறு எதனையும் காரணமாகச் சொல்லவில்லை.

இத்துடன் நிறுத்தினால் மேடைப் பேச்சாளரின் வாதம் வென்றதாகும். ஆனால் இமாம் தபரீயின் தஃப்ஸீரில் 2:36க்கான விளக்கத்தைத் திறந்தால் வஹ்பு இப்னு முனப்பிஹ் வழியாக வந்த செய்தி நம்மை எதிர்கொள்கிறது. பாம்பு இப்லீஸைச் சுமந்து வருகிறது. ஹவ்வா முதலில் உண்கிறார். பிரசவ வேதனை தண்டனையாகிறது. இப்னு ஸைதின் செய்தியில் மாதவிடாயும் தண்டனையாகிறது. இவை இஸ்ராயீலிய்யாத். அறிவிப்பாளர் தொடருடன் பதிவு செய்வது தபரீயின் மரபு. தொடரை உதிர்த்துவிட்டுக் கதையை மட்டும் சுமந்தது பிற்காலம். மாதவிடாய் குறித்து அன்னை ஆயிஷா (ரலி) ஹஜ்ஜுப் பயணத்தில் அழுதபோது, அது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்றே அண்ணலார் (ஸல்) ஆறுதல் கூறினார்கள். தண்டனை என்ற சொல்லே அங்கு இல்லை.

ஹவ்வா இல்லையேல் எப்பெண்ணும் தன் கணவனுக்குத் துரோகம் செய்திராள் என்ற கருத்திலமைந்த அறிவிப்பு புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதனை மறைப்பது ஆய்வு நேர்மையன்று. ஹாஃபிழ் இப்னு ஹஜர் அதனை, மரத்தின் கனியை உண்ணும்படி கணவருக்கு அழகுபடுத்திக் காட்டியதைக் குறிப்பதாக விளக்கி, ஒழுக்கக்கேடு என்னும் பொருளைத் தெளிவாக மறுக்கிறார். அவ்விளக்கமும் திருமறையின் இருமைக்கு உட்பட்டே வாசிக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து.

அண்மையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில், கிறித்தவத்தைக் கண்டித்து நன்றாகப் பேசக்கூடிய ஆலிம் ஒருவர் மணமகளுக்கு உபதேசம் செய்தார். ஹவ்வா கணவரின் சொல்லை மீறியதால் நேர்ந்ததைப் பாருங்கள் என்று தொடங்கினார். பாம்பு வந்தது, பிரசவ வேதனை வந்தது. அன்று அவர் விவரித்தது மில்டனின் தோட்டத்தை; அதனை அவர் அறியார். மணமகனுக்கு அந்த வரலாற்றிலிருந்து சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் தபரீயின் அச்செய்தியை அறிவிப்பாளர் தொடருடன் கரும்பலகையில் எழுதி, அது எங்கே போய் நிற்கிறது என்று கேட்டேன். வஹ்பில் என்றனர். அப்படியாயின் நிக்காஹ் உரையில் இனி எதைச் சொல்வது ஹஜ்ரத் என்றார் ஒரு மாணவர். 20:117இன் ஒருமையை மணமகனுக்கும், 7:23இன் இருமையை இருவருக்கும் சொல்லுங்கள் என்று கூறி அடுத்த வசனத்திற்குச் சென்றேன்.