ஏன் இந்தச் செய்தி?

கைப்பேசியில் செய்தி படிக்கிறவர்கள் ஒரு சின்ன வாக்கியத்தைப் பார்த்திருக்கலாம். 'உங்கள் ஆர்வத்தின் அடிப்படையில்' என்று பொடி எழுத்தில் இருக்கும். இந்தச் செய்தி ஏன் உங்களுக்கு வந்தது என்பதற்கு அதுதான் சமாதானம். கதை எழுதுகிறவன் என்ற முறையில் அதை நிறுத்திப் படித்துப் பார்த்தேன். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மை போதவில்லை.

சென்ற மாதம் ஒரு கொலைச் செய்தியை இரண்டு தடவை படித்தேன். செத்துப்போனவர் தெரிந்தவரோ என்ற பதைப்பு, அவ்வளவுதான். அதன்பின் ஒரு வாரம் எனக்குக் கொலையாகவே வந்துகொண்டிருந்தது. எங்கள் பேட்டையில் இரண்டு நாள் குடிதண்ணீர் வராது என்பதைப் பக்கத்து வீட்டு மாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் எத்தனை நேரம் நின்றேன் என்பது யந்திரத்துக்குத் தெரியும்; ஏன் நின்றேன் என்பது தெரியாது. பயத்துக்கும் ஆசைக்கும் சேர்த்து 'ஆர்வம்' என்று ஒரே பெயர் வைக்கிறது. நாவலாசிரியன் இப்படி எழுதினால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பத்திரிகைகளும் செய்தியைப் பொறுக்கித்தான் போட்டன. வாஸ்தவம். ஆனால் ஏ. என். சிவராமன் காலத்துத் தினமணியை வாங்கியவருக்குப் பொறுக்குகிறவர் யார் என்று தெரியும். பிடிக்காவிட்டால் கடிதம் எழுதலாம். ஊருக்கெல்லாம் ஒரே பக்கமானதால், விட்டுப்போனதை வேறு பத்திரிகையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். இன்று எனக்கு வரும் பக்கம் என் மனைவிக்கு வருவதில்லை. எதோடு ஒப்பிடுவது?

ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இயற்றியது. 2024 பிப்ரவரி 17 முதல் அது முழுமையாக அமலுக்கு வந்தது. இணையத் தளங்கள் எந்த முக்கிய அளவுகோல்களை வைத்துப் பரிந்துரைக்கின்றன என்பதை எளிய மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 27-வது பிரிவு. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பேருக்குக் குறையாமல் பயன்படுத்தும் பெரிய தளங்கள், ஆளை அளந்து பார்க்காத வரிசை ஒன்றையும் தரவேண்டும் என்கிறது 38-வது பிரிவு.

நல்ல சட்டம்தான். இரண்டாவது ஏற்பாடு உண்மையிலேயே பயன்படக்கூடியது. முதலாவதில் எனக்குக் குறை உண்டு. விளக்கம் எழுதப்பட வேண்டிய இடம் தளத்தின் நிபந்தனைகள். அதைப் படிக்கிறவர் யார்? படித்தாலும் பொது விதிதான் கிடைக்கும். இன்று காலை என் பக்கத்தில் நடந்தது தெரியாது.

சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. வந்த செய்திக்குக் காரணம் சொல்வதோடு, எனக்கு வேண்டாம் என்று ஒதுக்கியவற்றில் நாலு தலைப்பையும் காட்டட்டும். அப்போதுதான் காரணம் சரியா என்று நான் சொல்ல முடியும். மாமி இல்லாத வீடுகளும் இருக்கின்றன.