ஒரு கடிதத்தில் போன லைசென்ஸ்

என்னைப்போல பி.காம். படித்தவர்களுக்கு லைசென்ஸ் என்றதும் ஞாபகம் வருவது கோட்டா, பெர்மிட், சிமென்ட் மூட்டை. பிரசவம் பார்ப்பதற்கும் லைசென்ஸ் உண்டு, அதைக் காரணமே சொல்லாமல் பிடுங்கவும் முடியும் என்று தெரிந்துகொள்ள ஆசையா? ‘மதர்விட்’ படியுங்கள். 1989இல் வந்த புத்தகம்.

கதை நடப்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொபைல் நகரில். ஓனி லீ லோகன் என்ற கறுப்பினப் பெண்மணி தன் வாழ்க்கையைச் சொல்லச் சொல்ல, கேதரின் கிளார்க் டேப்பில் பதிந்து எழுதியிருக்கிறார். லோகனுக்குப் பிழைப்பு, வெள்ளைக்காரர் வீட்டில் வேலை. ஆள் வந்து கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மாவும் பாட்டியும் மருத்துவச்சிகள். 1949இல் இவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. ப்ரிச்சர்ட், கிரிக்டன் என்ற கறுப்பர் பகுதிகளில் பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் இவர் கையில் விழுந்தவைதான்.

அரசாங்கம் ஏன் லைசென்ஸ் கொடுத்தது? அந்தப் பெண்களுக்கு வேறு ஆளில்லை, அதான். ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லை; காசிருந்தாலும் மரியாதை கிடையாது. 1921இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்து, தாய் சேய் நலத்துக்கு மத்திய அரசின் பணம் மாநிலங்களுக்குப் போனது. மருத்துவச்சிகளுக்கு வகுப்பு, வெள்ளை ஏப்ரன், பை சோதனை எல்லாம் தென் மாநிலங்களில் மும்முரமானது. பையில் பாட்டி வைத்தியப் பச்சிலை இருந்தால் தொலைந்தார்கள்!

தனக்குத் தெரிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு வகுப்பில் படித்ததில்லை, கடவுள் கொடுத்த சொந்த புத்தி என்கிறார் லோகன். அந்த சொந்த புத்திதான் தலைப்பும். படிக்கும்போது நமக்கும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மிச்சம் அந்த ஒரு பங்கு? கையைத் தேய்த்துக் கழுவுவது, கத்தரிக்கோலைக் கொதிக்க வைப்பது, பார்வை போகாமலிருக்கக் குழந்தையின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவது எல்லாம் அதில்தானே வருகிறது? பாட்டி கைராசிக்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிருமிக்குக் கைராசி தெரியாது. கிளார்க் இந்த இடத்தில் மடக்கிக் கேட்டாரா என்று நமக்குத் தெரியவில்லை. கேள்விகளை எடுத்துவிட்டு பதில்களை மட்டும் கோத்திருக்கிறார். படிக்க சுகம். ஆனால் குறைதான்.

சரி, லைசென்ஸ் ஏன் போனது? 1965இல் ஏழைகளின் வைத்தியச் செலவுக்கு ‘மெடிகெய்ட்’ வந்தது. 1970இல் அலபாமா அதில் சேர்ந்தது. ஏழைப் பெண்ணின் ஆஸ்பத்திரி பிரசவத்துக்கு அரசே பில் கட்டும். இத்தனை காலம் வேண்டாத கஸ்டமர், திடீரென்று வேண்டிய கஸ்டமர் ஆகிவிட்டார்! 1976இல் சட்டம் வந்தது: நர்ஸ் படிப்பு இல்லாத மருத்துவச்சிகளுக்குப் புது லைசென்ஸ் கிடையாது. பழையவர்களை மட்டும் கொஞ்ச நாள் விட்டுவைத்தார்கள். 1984இல் லோகனுக்கும் கடிதம் வந்தது. இனிமேல் புதுப்பிக்க மாட்டோம், அவ்வளவுதான்.

புத்தகத்தில் என்னை உலுக்கியது இதுதான். லைசென்ஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாக வேண்டும். ஆனால் லைசென்ஸ் என்றால், இன்ன தப்பு செய்தால் போகும் என்று எழுதியிருக்க வேண்டாமா? சின்ன ஹோட்டல் லைசென்ஸை ரத்து செய்யக்கூட நோட்டீஸ், விளக்கம், அப்பீல் என்று மூன்று படி உண்டு. முப்பத்தைந்து வருஷ லைசென்ஸுக்கு ஒரு கடிதம்தானா?

2017இல் அலபாமா மனசு மாறி, நர்ஸ் அல்லாத மருத்துவச்சிகளுக்கு மறுபடி சட்டம் போட்டது. 2019இல் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள், தேசிய அளவில் தேர்வெழுதி சான்றிதழ் வாங்கியவர்களுக்கு. பரீட்சை வைப்பது நியாயம்தான். அதற்குப் படிக்கிற செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. 2023இல் அங்கே சில ஆஸ்பத்திரிகள் பிரசவ வார்டையே மூடின. லோகன் 1995இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

புத்தகத்தின் இங்கிலீஷ், அலபாமா கறுப்பர்கள் வீட்டில் பேசுகிற இங்கிலீஷ். ஆரம்பத்தில் தடுக்கும். வாய்விட்டுப் படியுங்கள், சரியாகிவிடும்.