அழகு மாயையும் அறிவிப்பாளர் வரிசையும்

ஒரு நூலின் நோக்கம் நன்றாயிருப்பது வேறு. அதன் சான்றுகள் வலுவாயிருப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் புகழ்வோரும் உளர், இகழ்வோரும் உளர். அமெரிக்க எழுத்தாளர் நவோமி வுல்ஃப் 1990இல் வெளியிட்ட ‘தி பியூட்டி மித்’ என்னும் நூல் இவ்விரு சாராரிடையே அகப்பட்டுக்கொண்ட ஒன்றாகும். ‘அழகு என்னும் கட்டுக்கதை’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம்.

கல்வியாலும் சட்டத்தாலும் பெண்கள் உரிமை பெறப்பெற, அவர்தம் உடலழகை அளக்கும் கோல் மட்டும் மேன்மேலும் கடுமையாக்கப்பட்டது என்பதே நூலின் மையக் கருத்து. பதின்மூன்றாம் வயதில் உணவை ஒறுத்துத் தம்மையே மெலிவித்துக்கொண்ட கதையை நூலாசிரியை எழுதியுள்ள பக்கங்களில் உண்மையின் வெம்மை இருக்கிறது. அவற்றைப் படித்துக் கலங்காத பெற்றோர் இரார்.

இக்கருத்துக்கு நல்ல சான்றும் இல்லாமலில்லை. ஃபாலன், ரோசின் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மிக ஒல்லி முதல் மிகப் பருமன் வரையிலான ஒன்பது உருவப்படங்களை 475 பல்கலைக்கழக மாணவ மாணவியர்முன் வைத்தனர். ‘உன் உருவம் எது? நீ விரும்பும் உருவம் எது? எதிர்பாலார் விரும்புவர் என நீ எண்ணும் உருவம் எது?’ என்று வினவினர். மாணவர்களுக்கு மூன்று விடைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. மாணவியரோ தம் உருவத்தினும் மெலிந்ததையே விரும்பினர். அதுமட்டுமன்று, ஆடவர் விரும்புவர் என அவர்கள் எண்ணிய உருவம், ஆடவர் மெய்யாகவே விரும்பியதினும் மெலிந்ததாயிருந்தது! இல்லாத நீதிபதி ஒருவரைத் தாமே கற்பித்துக்கொண்டு, அவர்முன் குற்றவாளியாய் நிற்கும் நிலை இது. தன்மதிப்பு எவ்வாறு குலைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த விளக்கம் வேண்டுமோ?

இத்தகைய சான்று இருக்க, வுல்ஃப் அம்மையாரின் நூலிற் பெரும்புகழ் பெற்றது வேறோர் எண். அனோரெக்சியா என்னும் உண்ணாநோயால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் 150,000 பெண்கள் இறக்கின்றனர் என்று முதற்பதிப்பு கூறிற்று. குளோரியா ஸ்டைனம் 1992இல் வெளியிட்ட தன்மதிப்பு பற்றிய நூலிலும் இதே எண் இடம்பெற்றது.

ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தியை இரு வழிகளிற் சோதிப்பர். ஒன்று மத்ன், அதாவது செய்தியின் வாசகம். மற்றொன்று இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் வரிசை. அச்சோதனையை இங்கும் செய்து பார்ப்போம்.

வாசகத்தை முதலில் நோக்குக. அக்காலத்தில் அமெரிக்கச் சாலை விபத்துகளில் இறந்தோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 பேர். அதனினும் மும்மடங்குக்கு மேற்பட்ட பெண்கள் ஒரே நோயால் மடிந்திருப்பின், அந்நாட்டில் சாவு விழாத தெரு இருந்திராது. அறிவு இதை ஏற்க மறுக்கிறது.

இனி வரிசையை நோக்குக. வுல்ஃப் இவ்வெண்ணைப் பெற்றது, ஜோன் ஜேக்கப்ஸ் பிரம்பெர்க் என்னும் வரலாற்றுப் பேராசிரியை 1988இல் எழுதிய நூலிலிருந்து. அவர் இந்நோய்க்கென அன்றிருந்த அமெரிக்கச் சங்கத்தைச் சான்று காட்டினார். கிறிஸ்டினா ஹாஃப் சாமர்ஸ் அச்சங்கத்தையே கேட்டறிந்து 1994இல் தம் நூலில் உண்மையை வெளியிட்டார். சங்கத்தின் 1985ஆம் ஆண்டு மடலில் இருந்தது, 150,000 முதல் 200,000 பேர் வரை நோயுற்றுள்ளனர் என்பதே. நோயுற்றோர் கைமாறுகையில் இறந்தோராயினர்! எழுத்தை மாற்றிப் படிக்கும் பிழையைத் தஸ்ஹீஃப் என்பர் அரபி அறிஞர். இதுவோ உயிரோடிருப்போரையே மாற்றிப் படித்த பிழை. சுட்டிக்காட்டப்பட்டதும் திருத்திக்கொள்ள வுல்ஃப் இசைந்தார் என்பதையும் நடுநிலையோடு பதிவு செய்தல் வேண்டும்.

ஆயினும் பாடம் முற்றுப் பெறவில்லை. 2019இல் அவர் எழுதிய மற்றொரு நூலில், பழைய இங்கிலாந்து நீதிமன்றப் பதிவேடுகளில் ‘மரணம் பதியப்பட்டது’ என்றிருந்த தொடரை, தூக்கிலிடப்பட்டதாகப் பொருள்கொண்டார். தண்டனை நிறைவேற்றப்படாமைக்கே அத்தொடர் அடையாளம் என்பதை வானொலி நேர்காணலொன்றில் பிறர் சொல்லியே அறிந்தார். அந்நூலின் அமெரிக்கப் பதிப்பு கைவிடப்பட்டது. இரு முறையும் இல்லாத சாவையே அவர் கண்டார்.

‘நல்ல நோக்கத்துக்காக எண்ணைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?’ என்று கேட்போர் உண்டு. நன்மையைத் தூண்டும் பொருட்டுப் பொய்ச் செய்தி புனைந்தோரும் முற்காலத்தில் இதையே கூறினர். ஹதீஸ் கலை வல்லார் அதை ஏற்கவில்லை. கெடுவது யாதெனில், நோயுற்றவளின் சொல். மிகையென்று வெளிப்பட்ட எண்ணைக் கண்டவன், மெய்யான துயரையும் மிகையென்றே தள்ளிவிடுவான். உண்ணாமல் வாடும் மாணவி தன் வேதனையைச் சொல்ல வாயெடுக்கும்போது, ‘இதெல்லாம் புத்தகக் கதை’ என்று வீட்டார் சொல்லிவிடின் அப்பழி யாரைச் சேரும்?

ஒரு பெண் தன்னையே வெறுப்பது, அவள் உடலைப்பற்றிப் பிறர் சொன்ன பொய்யளவையை நம்பியதனால். அப்பொய்யை மற்றொரு பொய்யளவையால் வீழ்த்தவியலாது. வுல்ஃப் அம்மையாரின் நூலை நம் பிள்ளைகள் படிக்கட்டும்; அதன் வினாக்களை ஏற்கட்டும். எண்களை மட்டும், ‘யார் சொன்னார்? அவருக்கு யார் சொன்னார்?’ என்று இறுதிவரை கேட்டபின் ஏற்கட்டும். கண்ணாடிமுன் நிற்கும்போதும் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.