சதுக்கத்துக்குப் பேசத் தெரியவில்லை

2011 பிப்ரவரி 11 அன்று எகிப்து அதிபர் முபாரக் மக்கள் எழுச்சியால் பதவியிறங்கினார். மறுநாள் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை இளைஞர்கள் பெருக்கி, நடைபாதை ஓரங்களுக்கு வண்ணமடித்தார்கள். உலகமே நெகிழ்ந்தது. எனக்கென்னவோ, பலர் அதோடு வீடு திரும்பியதுதான் அந்த எழுச்சியின் பெரும் பிழை என்று தோன்றுகிறது. ஆட்சி அப்போது ராணுவ உயர் கவுன்சிலின் கையில் இருந்தது. அதனோடு சதுக்கத்தின் சார்பில் பேரம் பேச ஆளில்லை.

எழுச்சி நடந்த பதினெட்டு நாளும் போராடியவர்களைக் காத்ததும் இதே தலைமையின்மைதான். யாரைப் பிடித்தால் கூட்டம் கலையும் என்று போலீசுக்குப் புரியவில்லை. யாரை விலைக்கு வாங்குவது என்று அரசுக்கும் தெரியவில்லை. ஆனால் 2012 அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்றில் மோதியவர்கள் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் முர்ஸியும் முபாரக்கின் கடைசிப் பிரதமர் ஷஃபீக்கும். வென்ற முர்ஸியை இறக்கிவிட்டு அடுத்த ஆண்டே ராணுவம் திரும்பி வந்தது. ரபா சதுக்கத்தில் அமர்ந்திருந்த முர்ஸி ஆதரவாளர்களில் 800க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

அதே அரபு எழுச்சியைக் கண்ட துனிசியாவிலோ 1946 முதல் வேரூன்றிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு இருந்தது. 2013 நெருக்கடியில் கட்சிகளை உட்காரவைத்துப் பேசவைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பு வந்தது. அமைப்பு இருந்தால் போதும் என்று இதைவைத்து முடிவுகட்டவும் முடியாது. எழுச்சி வெடித்த சிதி பூசித் போன்ற உள்மாவட்டங்களுக்கு வேலை வரவில்லை. 2021இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்கள் நிறையப் பேர்.

எகிப்தின் பாடத்தைக் கவனமாகப் படித்தவர்கள் சூடானியர்கள். 2019 ஏப்ரலில் அதிபர் பஷீர் வீழ்ந்த பிறகும் கார்ட்டூம் ராணுவத் தலைமையகத்தின் முன்னிருந்து அவர்கள் நகரவில்லை. பஷீரை அடுத்து வந்த தளபதி ஒரே நாளில் விலகினார். ஜூன் 3 அன்று படையினர் அந்தப் போராட்ட முகாமை ரத்தத்தில் கரைத்தார்கள்; இணையமும் துண்டிக்கப்பட்டது. அப்படியும் அதே மாதம் 30ஆம் தேதி பெருந்திரளைத் தெருவுக்குக் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம், தெருத் தெருவாக இயங்கிய எதிர்ப்புக் குழுக்கள். சதுக்கம் பறிபோனாலும் பேட்டை அவர்களிடம் இருந்தது.

பிறகு அமைந்த இடைக்கால ஆட்சியை 2021இல் ராணுவம் கவிழ்த்தது. 2023இல் ராணுவமும் துணைப்படையும் ஒன்றோடொன்று மோதின. அரசு இல்லாமல்போன நகரங்களில் அதே குழுக்களின் இளைஞர்கள் பலர் பொதுச் சமையலறைகளையும் அவசர உதவி மையங்களையும் நடத்துகிறார்கள். அரபு எழுச்சிகள் விட்டுச்சென்றவற்றில் நான் முதலில் வைப்பது இந்தப் பழக்கத்தைத்தான். ஆனால் 2023 மே மாதம் ஜித்தாவில் பேச்சுவார்த்தை நடந்தபோது எதிரெதிரே அமர்ந்தவர்கள் இரு படைகளின் பிரதிநிதிகள் மட்டுமே. சமையலறை நடத்துகிறவர்களுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.